கரைக்குப் பக்கத்தில் ஏன் இறக்கவில்லை?

கண்டமங்கலம்
புதன்கிழமை

அன்புள்ள மாணவிக்கு,

ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிறுத்தத்தில், புதுச்சேரி வண்டி வந்துவிட்ட அவசரத்தில், ஒரு கேள்வியை வீசிவிட்டு நீ ஏறிப் போய்விட்டாய். உன் வாத்தியார் மூன்று நாளாக அதையே மென்றுகொண்டிருக்கிறார்.

"சார், 'தி லாங்கஸ்ட் டே' பார்த்தேன். அந்தப் படகுகளை இன்னும் கொஞ்சம் கரைக்குப் பக்கத்துல விட்டிருந்தா அவ்வளவு பேர் செத்திருக்க மாட்டாங்களே? வெட்டவெளி மணல்ல எவ்வளவு தூரம் ஓட விடுறாங்க! ஜெனரலுங்களுக்கு அந்த அறிவுகூட இல்லையா?"

பக்கத்தில் நின்ற உன் தோழி, "அது சினிமாடி, பார்க்க நல்லா இருக்கணும்னு ஓட விட்டிருப்பாங்க" என்றாள். வாத்தியாருக்கு எரிச்சல் கேள்வியில் இல்லை, அந்தப் பதிலில்தான். புரியாத எதைக் கண்டாலும் 'சினிமா' என்று மூடிவைத்துவிடும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. இந்தக் கடிதத்தை அவளுக்கும் காட்டு.

ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் இறங்கியது, அங்கே ஐந்து கடற்கரைகளுக்கு வைத்த ஐந்து ரகசியப் பெயர்கள், இதெல்லாம் உனக்குத் தெரியும். படத்தைப் பற்றியும் சுருக்கமாகப் போதும். கார்னீலியஸ் ரயன் 1959இல் எழுதிய புத்தகத்தை டாரில் சானக் என்ற தயாரிப்பாளர் 1962இல் படமாக்கினார். ஏறக்குறைய மூன்று மணி நேரம், கறுப்பு வெள்ளை. ஜான் வெய்ன், ஹென்ரி ஃபோண்டா, ராபர்ட் மிச்சம், ரிச்சர்ட் பர்ட்டன், ஷான் கானரி என்று பெரிய பெயர்கள் வரிசைகட்டி வந்து போகும். யாரும் கதாநாயகன் இல்லை. ஜெர்மானியர் ஜெர்மன் பேசுவார், பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சு பேசுவார். அந்தக் காலத்து ஹாலிவுட்டில் அது துணிச்சல்.

இனி உன் கேள்விக்கு வருவோம். நீ பார்த்து வளர்ந்த கடல் புதுச்சேரிக் கடல். காலையில் போனாலும் மாலையில் போனாலும் தண்ணீர் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அதையும் அலை மறைத்துவிடும். அதனால்தான் இந்த ஏற்ற வற்றத்தைக் குறிக்கும் 'ஓதம்' என்ற சொல்லை நம் பிள்ளைகள் பரீட்சைக்கு மட்டும் படிக்கிறார்கள்.

நார்மண்டியில் கதை வேறு. பெரிய ஓத நாட்களில் அங்கே கடல் ஆறு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். இரண்டு மாடி வீட்டின் உயரம்! கரையோ சரிவு குறைந்த மணல்வெளி. தண்ணீர் ஆறு மீட்டர் இறங்கினால் கடல் நூற்றுக்கணக்கான மீட்டர் பின்வாங்கிப் போய்விடும். ஆறு மணி நேரம் கழித்து அத்தனை மணலையும் திரும்ப விழுங்கும். நீ படத்தில் பார்த்த வெட்டவெளி, காலை ஆறரை மணிக்குத்தான் மணல். மதியத்துக்குள் அது கடலின் அடி.

அப்படியானால் கடல் ஏறி நிற்கும்போதே வந்து, மேட்டுக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கலாமே? எதிரியும் அப்படித்தான் நினைத்தார். ஜெர்மன் தளபதி ரோமல், வருகிறவர்கள் ஏற்றத்தில்தான் வருவார்கள் என்று கணக்கிட்டு, வற்றத்தில் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் மணலில் தடைகளை நட்டுவைத்தார். இரும்புத் துண்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்த முள்ளுருண்டைகள், நுனியில் கண்ணிவெடி கட்டிய மரக்கம்பங்கள், பெரிய இரும்புக் கதவுகள். ஏற்றத்தில் இவை தண்ணீருக்குள் மறைந்திருக்கும். மேலே வரும் படகின் வயிற்றைக் கிழிக்கும். ஆகவே தடைகள் கண்ணுக்குத் தெரியும் வேளையில் இறங்கியாக வேண்டும். கடல் ஏறத் தொடங்கும் முன்பாகப் பொறியாளர்கள் அவற்றை வெடிவைத்துத் தகர்த்து வழி செய்ய வேண்டும். ஏறுகிற தண்ணீர், இறக்கிவிட்டுப் போகும் படகைத் தானே தூக்கிவிட்டு மிதக்க வைக்கும் என்பது கூடுதல் வசதி. சிப்பாய்கள் அவ்வளவு தூரம் ஓடியதற்குக் காரணம் இதுதான். ஜெனரல்கள் முட்டாள்கள் இல்லை. ஓதத்துக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்னொன்றைக் கவனி. அமெரிக்கர்கள் இறங்கியது 6.30 மணிக்கு. கிழக்கே பிரிட்டிஷ் படை இறங்கியது 7.25 மணிவாக்கில். இது பிரிட்டிஷாரின் சோம்பல் அல்ல. ஆங்கிலக் கால்வாயில் ஓதம் மேற்கிலிருந்து கிழக்கே நகர்கிறது. கடிகாரத்தைத் திருகியது கடல்.

விடியலில் வற்றம் வேண்டும். முந்திய இரவில் பாராசூட் வீரர்கள் குதிக்க நிலவு வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைத்தவை ஜூன் 5, 6, 7 ஆகிய மூன்றே நாட்கள். ஜூன் 6 பௌர்ணமி. 5ஆம் தேதி காற்று கெட்டது. வானிலை அதிகாரி ஸ்டாக் சொன்னதைக் கேட்டு நேச நாட்டுப் படைத் தலைவர் ஐசனோவர் ஒரு நாள் தள்ளிவைத்தார். படத்தில் இந்தக் காட்சி உண்டு. ஐசனோவராக வந்தவர் நடிகர்கூட இல்லை. முகஜாடை ஒத்துப்போனதால் பிடித்துவந்த அரங்க அலங்காரக் கலைஞர் ஹென்ரி கிரேஸ்.

வானிலை சொன்னவருக்காவது ஒரு காட்சி கிடைத்தது. ஓதத்தைக் கணக்கிட்டவருக்கு அந்தப் படத்தில் ஒரு நாற்காலிகூடப் போடவில்லை. உன் வாத்தியாரின் மனக்குறை அதுதான். அவர் பெயர் ஆர்தர் டூட்சன். லிவர்பூல் அருகே பிட்ஸ்டன் ஆய்வகத்தில் இருந்தார். காது கேளாதவர். முதல் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் கொடுக்காது என்று மறுத்தவர். 1943 அக்டோபரில் கடற்படையின் நீரியல் அதிகாரி ஃபார்கூர்சன் அவருக்குச் சில எண்களை அனுப்பி, 'இசட்' என்ற இடத்துக்கு ஓதம் கணித்துத் தரச் சொன்னார். எந்த ஊர் என்று சொல்லவில்லை.

டூட்சனிடம் இருந்தது கணினி அல்ல, பித்தளைச் சக்கரங்களும் கப்பிகளும் நிறைந்த ஒரு இயந்திரம். கிணற்றில் தண்ணீர் சேந்தும் கப்பியை நினைத்துக்கொள். அதைப்போல ஏறக்குறைய நாற்பது சிறு கப்பிகள் இரண்டு வரிசையில். ஒன்று நிலவின் இழுப்புக்கு, ஒன்று சூரியனின் இழுப்புக்கு, ஒன்று நிலவு பூமிக்கு அருகே வருவதற்கு. இப்படி ஒவ்வொரு காரணத்துக்கும் ஒன்று. ஒவ்வொன்றும் அதனதன் வேகத்தில் மேலும் கீழும் ஆடும். எல்லாவற்றின் மேலும் ஒரே கம்பி ஓடும். கம்பியின் ஒரு முனை கட்டப்பட்டிருக்கும், மறுமுனையில் பேனா. கப்பிகளின் ஆட்டமெல்லாம் கம்பியில் கூடிக் கழிந்து, பேனா காகிதத்தில் வளைகோடாக வரையும். அந்தக் கோட்டில் எந்த நாளைக்கும் எந்த மணிக்கும் கடல் எவ்வளவு உயரம் என்று படித்துவிடலாம். கூட்டல் கணக்கைக் கம்பியும் கப்பியும் போடுகின்றன! இப்படி இரண்டு இயந்திரங்கள் இருந்தன. குண்டு விழுந்தால் இரண்டும் ஒன்றாகப் போய்விடக் கூடாதென்று தனித்தனி இடங்களில் வைத்திருந்தார்கள்.

அவற்றில் ஒன்றைச் செய்வித்தவர் எட்வர்ட் ராபர்ட்ஸ். அவர் 1879இலேயே இப்படி ஒரு இயந்திரத்தை உருவாக்கியிருந்தார். யாருக்காக? இந்தியத் துறைமுகங்களின் ஓத அட்டவணைக்காக, இந்திய அரசின் தேவைக்காக. நம் துறைமுகங்களுக்காகச் சக்கரம் சுழற்றப் பழகிய கையே, பின்னாளில் நார்மண்டியின் நேரத்தைச் சொன்ன இயந்திரத்தையும் செய்தது.

மணலையும் விட்டுவைக்கவில்லை. 1943 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் காவலர்கள் அசந்திருப்பார்கள் என்று, ஸ்காட்-பௌடன், ஆக்டன்-ஸ்மித் என்ற இரண்டு பேர் நார்மண்டிக் கரைக்கு நீந்திப்போய்க் குழாயில் மணல் எடுத்துவந்தார்கள். டாங்கி ஏறினால் மணல் தாங்குமா, புதையுமா என்று பார்க்க. இத்தனை கவனத்துக்குப் பிறகும் கடல் சும்மா இருக்கவில்லை. அமெரிக்கர்கள் இறங்கிய ஓமாஹா கரையில் ஒரு படைப்பிரிவு கடலிலேயே மிதக்கவிட்ட 29 டாங்கிகளில் 27 மூழ்கிப்போயின.

சானக் இந்தக் காட்சிகளை எங்கே எடுத்தார் தெரியுமா? பிரான்ஸின் மேற்குக் கரையில் ரே தீவில் கொஞ்சம். கோர்சிகாத் தீவின் சலேச்சா கடற்கரையில் கொஞ்சம். கோர்சிகா இருப்பது மத்தியதரைக் கடலில். அங்கே ஓதம் நம் ஊரைப்போலவே பெயரளவுக்குத்தான். ஓதத்தால் நடந்த போரை ஏறக்குறைய ஓதமே இல்லாத கடலிலும் படம்பிடித்திருக்கிறார்கள். உன் தோழி சொன்ன 'சினிமா' அங்கே இருக்கிறது, சிப்பாய்களின் ஓட்டத்தில் அல்ல.

சினிமாவாக்கிய இடங்கள் வேறும் உண்டு. விஸ்திரஹாமில் பிரெஞ்சு கமாண்டோக்கள் சூதாட்ட மாளிகையைத் தாக்கும் காட்சி பிரமாதம். உண்மையில் அந்த மாளிகையை ஜெர்மானியர் 1942இலேயே இடித்துவிட்டுப் பதுங்குகுழி கட்டியிருந்தார்கள். காட்சியை எடுத்ததும் வேறு ஊரில், போர்த்-ஆன்-பெசானில். ஆனாலும் படத்தை மட்டம் தட்ட மனம் வரவில்லை. ஒரு பாலத்தைப் பிடிக்கும் மேஜர் ஹோவர்டாக நடித்த ரிச்சர்ட் டாட், 1944இல் அதே இரவில் அதே பாலத்தருகே நிஜமாகவே பாராசூட்டில் குதித்த அதிகாரி. தான் நேரில் கண்ட மனிதராகவே பதினெட்டு வருஷம் கழித்து நடித்தார். சூதாட்ட மாளிகைக் காட்சியில் வரும் பிரெஞ்சு கமாண்டோக்கள், சுதந்திர பிரான்ஸ் இயக்கத்தின் தலைவர் டி கோலின் பக்கம் நின்றவர்கள். 1940 செப்டம்பரில் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் லூயி பொன்வேனும் டி கோலின் பக்கம் சேர்ந்தார். நீ தினமும் தாண்டிப் போகும் வில்லியனூர், அப்படிப் பார்த்தால், 'சுதந்திர பிரான்ஸ்'.

கடலைக் கணக்கில் எடுக்காதவன் கதி என்ன என்பதற்கு நார்மண்டி வரை போக வேண்டாம். 1748இல் ஆங்கிலேய அட்மிரல் பாஸ்கவன் பெரிய கப்பற்படையோடு புதுச்சேரியைப் பிடிக்க வந்தார். அரியாங்குப்பத்துச் சிறு கோட்டையிலேயே நாட்களை வீணாக்கினார். அக்டோபர் வந்தது, பருவமழை மிரட்டியது, நோய் தின்றது. முற்றுகையை விட்டுவிட்டுப் போனார். அக்காலப் புதுச்சேரி வியாபாரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை உன் வாத்தியார் திரும்பத் திரும்பப் படிப்பது இதற்காகத்தான். துரைகளின் சண்டையைவிட, எந்தக் கப்பல் எப்போது வந்தது, வரவில்லை என்பதில் அந்த மனிதரின் கண் இருக்கிறது. வியாபாரிக்குக் கடல் தெரியும்.

பன்னிரண்டு வருஷம் கழித்து ஆங்கிலேயர் மறுபடி வந்தார்கள். வில்லியனூர்க் கோட்டையை முதலில் பிடித்தார்கள். 1760 டிசம்பர் 31 இரவு வீசிய புயலில் ஆங்கிலேயக் கப்பல்கள் சில மூழ்கின, சில புதுச்சேரிக்குத் தெற்கே கரையில் மோதி உடைந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். பட்டினி கிடந்த நகரம் பிழைத்தோம் என்று நினைத்திருக்கும். ஆனால் ஒரு வாரத்துக்குள் மிச்சக் கப்பல்கள் திரும்பி வந்து கடலை அடைத்தன. ஜனவரி 16ஆம் தேதிக்குள் புதுச்சேரி வீழ்ந்தது.

இதை நார்மண்டியோடு பொருத்திப் பார். 1944 ஜூன் 19 முதல் நாலு நாள் வீசிய புயல், ஓமாஹா கரையில் மிதக்கவிட்ட செயற்கைத் துறைமுகத்தை நொறுக்கியது. ஜூன் 6ஐத் தவறவிட்டிருந்தால் அடுத்த ஓதம் வாய்த்த நாட்கள் அந்த 19ஐ ஒட்டித்தான். துறைமுகம் போனபின் என்ன செய்தார்கள்? கப்பல்களை ஏற்றத்தில் கரைக்கு ஓட்டி, வற்றம் வந்ததும் மணலிலேயே உட்காரவைத்து, லாரிகளை நேரே ஓட்டி இறக்கினார்கள். அடுத்த ஏற்றத்தில் கப்பல் மிதந்து திரும்பியது. நம் கரையில் இது நடக்காது. இங்கே ஓதம் சிறிது, அலைதான் பெரிது. அதனால்தான் அந்தக் காலத்தில் கப்பல் தூரத்தில் நிற்க, ஆணி அடிக்காமல் தேங்காய்நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகு அலைக்குள் புகுந்து ஆளையும் சரக்கையும் கொண்டுவந்தது. ஆணி அடித்த படகு அலை அடியில் விண்டுபோகும். தைத்த படகு வளைந்துகொடுக்கும். சானக்கின் படத்தைவிட இதைப் படமாக எடுத்தால் உன் வாத்தியார் முதல் வரிசையில் டிக்கெட் வாங்குவார்.

கடிதம் நீண்டுவிட்டது. வரும் பௌர்ணமியன்று நீயும் உன் தோழியும் வீராம்பட்டினம் கரைக்குப் போங்கள். நகரத்துக் கடற்கரை வேண்டாம், அங்கே பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். அலை கடைசியாக ஏறும் இடத்தில் ஒரு குச்சி நடுங்கள். ஆறு மணி நேரம் கழித்து அலை எதுவரை வருகிறதோ அங்கே இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே எத்தனை தப்படி என்று எண்ணி, ஓமாஹா மணலில் அவர்கள் ஓடிய தூரத்தோடு ஒப்பிட்டு எழுதி அனுப்பு. அஞ்சலட்டை போதும். வாட்ஸ்அப் வேண்டாம், கண்ணாடியைத் தேட வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உன் வாத்தியார்