நாய் ராசியில்லாத வீடு என்று ஒன்று கிடையாது

"எங்க வீட்டுக்கு நாய் ராசி கெடையாது டாக்டர்." பாளையங்கோட்டையில் கேட்டாயிற்று, பேட்டையில் கேட்டாயிற்று, முக்கூடலிலிருந்து வருகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். முதல் குட்டி வந்த ஒரு வாரத்தில் போய்விட்டது. அடுத்த மாதமே வாங்கிய இரண்டாவதும் நிற்கவில்லை. உடனே எதிர்வீட்டு ஆச்சி ஒரு காரணம் சொல்கிறார், வாசல் இருக்கும் திசையைப் பார்த்து இன்னொருவர் ஒரு பரிகாரம் சொல்கிறார். நிலைப்படியில் எலுமிச்சம்பழத்தைக் கட்டிவிட்டு மூன்றாவது குட்டியைக் கொண்டுவருகிறார்கள். அதுவும் ரத்தபேதியில் சாகிறது. முதல் குட்டி எதனால் செத்தது என்று மட்டும் அந்த வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிற திருநெல்வேலி இது. கோபம் வராமல் என்ன செய்யும்?

வாந்தி, ரத்தம் கலந்த பேதி, சோறு தண்ணி தொடாமல் சுருண்டு படுப்பது, இரண்டு மூன்று நாளில் சாவு. இது பெரும்பாலும் பார்வோ வைரஸின் வேலை. குடலின் உட்தோலையும் எலும்பு மஜ்ஜையையும் ஒருசேர அழிக்கிற கிருமி அது. நோய் கண்ட குட்டியின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறும். அறிகுறி தெரிவதற்கு முன்பே வெளியேறத் தொடங்கிவிடும்.

இனி, ராசியில்லாத வீடு என்கிறார்களே, அங்கே போய்ப் பாருங்கள். மாடிப்படிக்கு அடியில் செத்த குட்டி படுத்திருந்த சாக்கு உதறி மடித்து வைத்திருக்கும். அதன் ஓரத்தில் காய்ந்த கறை அப்படியே இருக்கும். அதே அலுமினியச் சட்டி, அதே சங்கிலி. அடுத்த குட்டி அந்தச் சாக்கில்தான் படுக்கிறது, அந்தச் சட்டியைத்தான் நக்குகிறது. ராசியாவது ஒன்றாவது!

"பினாயில் ஊத்திக் கழுவிட்டோமே" என்பார்கள். பிரச்சினையின் வேரே அங்கேதான் இருக்கிறது. சில வைரஸ்களுக்கு மேலே கொழுப்பாலான உறை உண்டு. சோப்பு பட்டாலே அது கரைந்து கிருமி செத்துவிடும். பார்வோவுக்கு அந்த உறையே கிடையாது. பினாயிலோ டெட்டாலோ மஞ்சள்தண்ணியோ வேப்பிலையோ அதை ஒன்றும் செய்யாது. ஈரத் தரையில் மிச்சமிருக்கும் பினாயிலைக் குட்டி நக்கினால் வாயும் வயிறும் புண்ணாகும், அவ்வளவுதான் பலன்.

பார்வோவைக் கொல்வது குளோரின். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் வீணாகிவிடும். பிறகு 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரால் அலசிக் காயவிடுங்கள். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை இதோடு கலந்துவிடாதீர்கள், கிளம்பும் வாயு மனிதரையே கொல்லும். திறந்த மூட்டையில் மாதக்கணக்காகக் கிடந்த பிளீச்சிங் பவுடரை நம்பாதீர்கள், வீரியம் போயிருக்கும். சட்டி, சங்கிலிக்கும் இதே வைத்தியம்தான். சாக்கையும் கால்மிதியையும் எரித்துவிடுங்கள்.

மண்ணைத்தான் கழுவ முடியாது. பாளையங்கால்வாய் ஓரத்திலும் கோடகன் கால்வாய் ஓரத்திலும் உள்ள வீடுகளில் புறவாசல் முழுக்க வாழையும் தென்னையும். வெயில் தரையில் விழாது, ஈரமும் காயாது. வெயில் சுட்டெரிக்கும் முற்றத்தில் சீக்கிரம் அழிகிற இந்தக் கிருமி, அப்படிப்பட்ட நிழலில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே ஒரு குட்டி பார்வோவில் இறந்திருந்தால் அடுத்த குட்டிக்கு ஓராண்டு பொறுங்கள். பொறுக்க முடியாதென்றால், தடுப்பூசிகளையெல்லாம் முடித்த வளர்ந்த நாயாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள்.

"நாட்டு நாய்க்கு எதுக்கு ஊசி? எங்க தாத்தா வளத்த கன்னி நாய்க்கு யாரு ஊசி போட்டா?" இதுவும் அடிக்கடி காதில் விழுகிறது. நாய்களைக் கொல்லும் பார்வோ உலகமெங்கும் பரவியது 1978-இல். தாத்தா காலத்தில் அந்த நோயே இல்லை ஐயா! சிப்பிப்பாறையோ கன்னியோ ராஜபாளையமோ, தெருவில் பிறந்ததோ, இந்த வைரஸ் இனம் பார்ப்பதில்லை. ஒரு ஊசியோடு நிறுத்துவதும் தப்பு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசி மருந்தை வேலை செய்யவிடாமல் தடுக்கும், அது எந்தக் குட்டிக்கு எப்போது குறையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் முடியும்வரை போடச் சொல்கிறோம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குட்டி கடித்தால் விஷமில்லை என்பது பொய். குட்டிக்கும் வெறிநோய் வரும். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சாம்பார் சோறு ஒத்துக்கொள்ளும் என்பதும் பொய். சின்ன வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். காய்ச்சலுக்கு உங்கள் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பீரோவுக்கு அடியில் அந்துருண்டை, அரிசி மூட்டைக்குப் பின்னால் எலி கேக், வாசலில் அரளிச்செடி என்று எது இருந்தாலும் குட்டி வருவதற்கு முன்பே அப்புறப்படுத்துங்கள். "அதுக்குத் தெரியும், திங்காது" என்கிறார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு ஒன்றும் தெரியாது, எல்லாவற்றையும் கடித்துத்தான் பார்க்கும்.

கண் திறந்து பத்து நாள்கூட ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிடுங்கி விற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. வாங்குகிறவர்களாவது கேட்க வேண்டாமா? அதைவிடக் கொடுமை, எல்லாருக்கும் கடுவன் குட்டிதான் வேண்டும். மிஞ்சுகிற பொட்டைக் குட்டிகளைச் சாக்கில் போட்டு ஆற்றங்கரையிலும் குப்பைமேட்டிலும் விட்டுவிடுகிறார்கள். பொட்டை நாயும் வீட்டைக் காக்கும், பாசமாக இருக்கும். குட்டி போடும் என்று பயந்தால் அதற்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடலாம். அடுத்த முறை குட்டி பார்க்கப் போகிறவர்கள், எட்டு வாரம் முடிந்ததா என்று கேட்டுவிட்டு, ஒரு பொட்டைக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். வரும் வழியிலேயே முதல் ஊசியையும் போட்டுவிடுங்கள்.