காட்ஸில்லா: மீண்டும் மீண்டும் பிறக்கும் கதை

மக்கள் ஒரு கதையை மிகவும் விரும்பிவிட்டால் அதைப் படமாக்கியவர்கள் எளிதில் விடுவதில்லை. இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று நீட்டிக்கொண்டே போவார்கள். இனி நீட்ட முடியாது என்று கதை முட்டிக்கொண்டு நிற்கும்போது, இதுவரை நடந்ததை மறந்துவிடுங்கள் என்று கூறி முதலிலிருந்து தொடங்குவார்கள். இதற்குத் திரையுலகில் 'ரீபூட்' என்று பெயர். நின்றுபோன கணிப்பொறியை அணைத்து மறுபடி இயக்குவதற்கு வழங்கும் சொல்தான் அது. விஞ்ஞானக் கற்பனைப் படங்களுள் இப்படிப் பலமுறை புதிதாகத் தொடங்கப்பட்டது ஜப்பான் நாட்டின் 'காட்ஸில்லா'. நம்முள் பலர் கிங்காங்குடன் சண்டையிடும் காட்ஸில்லாவை மட்டுமே அறிவோம். ஆனால் அது பிறந்த விதம் வேறு.

1954-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள் பசிபிக் பெருங்கடலில் உள்ள பிகினித் தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. அது ஹிரோஷிமாவில் விழுந்த குண்டைப் போல் ஏறக்குறைய 1000 மடங்கு ஆற்றல் உடையது. அப்போது தொலைவில் ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்று சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'ஐந்தாம் அதிர்ஷ்ட நாகம்' என்று வரும். அந்த அதிர்ஷ்டக் கப்பலின் மீதுதான் வெண்ணிறச் சாம்பல் மழைபோல் பொழிந்தது! கப்பலில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சினால் நோயுற்றனர். வானொலிக் கருவியை இயக்கிவந்த குபோயாமா செப்டம்பர் மாதம் இறந்தார். சந்தையில் மீன் வாங்கவே ஜப்பானிய மக்கள் அஞ்சினர்.

அதே ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் முதல் காட்ஸில்லாப் படம் வெளியாயிற்று. ஹைட்ரஜன் குண்டினால் கடலடியில் விழித்தெழுந்த மிருகம் டோக்கியோவைத் தீக்கிரையாக்குவதே கதை. படத்தை இயக்கிய இஷிரோ ஹோண்டா, போர் முடிந்து தாயகம் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் அழிவை நேரில் கண்டவர். மிருகத்தின் உள்ளே இருந்தவர் ரப்பர் உடை அணிந்த ஒரு நடிகர். அதன் உறுமலை உண்டாக்கியவர் இசையமைப்பாளர் இஃபுகுபே. பிசின் தடவிய தோல் கையுறையால் பெரிய நரம்பிசைக் கருவி ஒன்றின் தந்திகளைத் தேய்த்து அவர் அந்த ஒலியை எழுப்பினார்.

அப்படத்தில் நம் மனத்தை மிகவும் தொடுவது மிருகம் வரும் காட்சி அன்று. செரிஸாவா என்னும் விஞ்ஞானி, கடலில் உள்ள உயிர்களையெல்லாம் அழிக்கவல்ல ஒரு பொருளைத் தற்செயலாகக் கண்டுபிடிக்கிறார். காட்ஸில்லாவை அதனால் கொல்லலாம். ஆனால் ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டால் அரசுகள் அதனை ஆயுதமாக்கிவிடும் என்று அவர் மறுக்கிறார். அந்நேரம் தொலைக்காட்சியில், அழிந்த நகரத்துக்காகப் பள்ளி மாணவியர் பலர் ஒன்றாக நின்று அமைதி வேண்டிப் பாடுகின்றனர். நம் வயதுடைய பெண்கள்தாம். அந்தப் பாட்டைக் கேட்ட பிறகே அவர் மனம் மாறுகிறார். ஆயினும் தம் ஆராய்ச்சிக் குறிப்புகளைத் தீயிலிட்டுக் கொளுத்துகிறார். பின்பு கடலுக்குள் இறங்கி மிருகத்தை அழித்து, அந்த இரகசியம் தம்மோடு போகட்டும் என்று தாமும் அங்கேயே உயிர் விடுகிறார். குண்டுச் சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு காட்ஸில்லா தோன்றக்கூடும் என்று ஒரு முதிய பேராசிரியர் கூறுவதோடு படம் முடிகிறது. பின்னால் வந்தவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்தது அந்த ஒரு பேச்சே எனலாம்.

இத்தகைய துயரக் கதைக்குப் பிறகு என்ன நேர்ந்தது தெரியுமா? படங்கள் பெருகப் பெருகக் காட்ஸில்லா குழந்தைகளின் தோழனாகிவிட்டது. 1967-இல் அதற்கு ஒரு மகன்கூட வந்துவிட்டான். பார்க்க வேடிக்கைதான். ஆனால் அணுகுண்டின் நினைவு அதில் எங்கே? 1975-உடன் தொடர் நின்றுபோயிற்று.

1984-இல் முதல் மறுதொடக்கம் வந்தது. இடையில் வந்த படங்களையெல்லாம் தள்ளிவிட்டு, 1954-இல் நடந்ததை மட்டும் ஏற்றுக்கொண்டனர். அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் மிருகத்தின்மீது அணு ஆயுதம் வீச வேண்டும் என்று வற்புறுத்த, ஜப்பானியப் பிரதமர் இணங்க மறுக்கிறார். அக்காலத்து அச்சம் அதுவே. 1954-இல் 50 மீட்டராக இருந்த காட்ஸில்லா இப்படத்தில் 80 மீட்டர் உயர்ந்தது. டோக்கியோவின் கட்டடங்கள் வளர்ந்துவிட்டனவே, அதுவும் வளராமல் என்ன செய்யும்!

1998-இல் அமெரிக்கர் தாமே ஒரு காட்ஸில்லாவை நியூயார்க்கில் ஓடவிட்டனர். பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது முட்டையிட்டு, ஏவுகணைக்கு அஞ்சி ஓடி, முடிவில் ஏவுகணையாலேயே மடிந்தது. பெரிய பல்லி ஒன்றைக் கண்டோம் என்பதைத் தவிர நமக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஜப்பானியரும் இதைப் பொறுக்கவில்லை போலும். 2004-இல் வந்த தங்கள் படத்தில் அந்த அமெரிக்க மிருகத்தை வரவழைத்து, தங்கள் காட்ஸில்லாவின் கையால் சில நொடிகளிலேயே வீழ்த்திக் காட்டினர்.

2011 மார்ச் 11-இல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஜப்பானைத் தாக்கின. ஃபுகுஷிமா அணுமின் நிலையம் சிதைந்தது. 2016-இல் வெளிவந்த 'ஷின் காட்ஸில்லா' அந்தத் துயரத்திலிருந்து எழுந்த படம். இதில் 1954-இன் நிகழ்ச்சிகூட நடந்ததாகக் கொள்ளப்படவில்லை. மிருகம் நகருக்குள் வரும்போது அதிகாரிகள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் சென்று கூட்டம் நடத்துகின்றனர், கையொப்பத்துக்குக் காத்திருக்கின்றனர். சிரிப்பும் வருகிறது, வயிற்றைக் கலக்கவும் செய்கிறது. முடிவில் காட்ஸில்லா சாகவில்லை. உறைந்துபோய் டோக்கியோவின் நடுவில் சிலைபோல் நிற்கிறது. கதிர்வீச்சு அபாயமும் அவ்வாறே ஊர் நடுவில் நிற்பது அன்றோ?

2023-இல் வெளியான 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' என்னும் படத்தையே நாம் எல்லாவற்றிலும் மேலானதாகக் கருதுகிறோம். இதை இயக்கியவர் தகாஷி யமஸாகி. தந்திரக் காட்சிகளை உருவாக்கியோர் 35 பேர் மட்டுமே. எனினும் 2024-இல் அமெரிக்காவின் பெரும் படங்களை வென்று அக்காட்சிகளுக்காக ஆஸ்கார் விருது பெற்றது. ஆனால் அதற்காக அதை நாம் புகழவில்லை.

கதையின் காலம் போர் முடிந்த 1945-ஐ ஒட்டியது. ஷிகிஷிமா என்னும் விமானி, விமானத்தோடு எதிரிக் கப்பலில் மோதிச் சாகும்படி அனுப்பப்பட்டவன். இயந்திரம் பழுது என்று பொய் சொல்லித் தப்பிவிடுகிறான். உயிரோடு இருப்பதே அவனுக்கு வெட்கமாகிவிடுகிறது. பெற்றோரை இழந்த ஒரு குழந்தையும், அதை எடுத்து வளர்க்கும் ஓர் இளம்பெண்ணும் அவன் வீட்டில் வந்து சேர்கின்றனர். காட்ஸில்லா வரும்போது அரசு உதவவில்லை. சாதாரண மக்களே முன்வருகின்றனர். போரில் நம் நாடு உயிர்களை மிக மலிவாகக் கருதியது, இம்முறை ஒருவரும் சாகாமல் வெல்வோம் என்பது அவர்களுடைய தீர்மானம். விமானி மட்டும் தன் உயிரைக் கொடுத்துப் பழைய கடனைத் தீர்க்க எண்ணுகிறான். அவன் விமானத்தைச் செப்பனிடும் தொழிலாளியோ, ஆபத்தில் வெளியே தூக்கி எறியும் இருக்கையை அதில் பொருத்தி, வாழ்ந்து வா என்று அனுப்புகிறான்.

1954-இல் செரிஸாவா இறந்து நாட்டைக் காப்பாற்றினார். 69 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த படமோ, வீரன் உயிரோடு திரும்பட்டும் என்று விடை சொல்லுகிறது. (முடிவைச் சொல்லிவிட்டோமே என்று இன்னும் படம் பார்க்காத தோழியர் கோபிக்க வேண்டாம், சொல்லாமல் இதை விளக்க இயலவில்லை.) பழைய படத்தை மறந்துவிட்டு இப்படி ஒரு விடை சொல்லியிருக்க முடியாது. அதன் முன் நெடுநேரம் அமர்ந்து சிந்தித்த ஒருவராலேயே முடியும். மிருகத்தின் உயரத்தையும் அவர் கூட்டவில்லை. அதே 50 மீட்டர்தான்.

அவன் குதிகுடையில் இறங்குகிறான். கப்பல்களில் நிற்போர் மகிழ்ச்சியில் ஆரவாரிக்கின்றனர். வீட்டில் குழந்தை காத்திருக்கிறது. படம் முடியும் தறுவாயில், கடலின் ஆழத்துக்குள் மூழ்கிக்கொண்டிருக்கும் காட்ஸில்லாவின் சதைத்துண்டு ஒன்று மெல்ல மெல்ல வளரத் தொடங்குகிறது.