இளநிலை மாணவரின் ஆய்வு மேடை

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலை மாணவர்களே தங்கள் ஆய்வை அரங்கில் முன்வைக்கிறார்களாமே, அது எப்படி நடக்கிறது?

பதில்: ஆய்வு என்பது முதுநிலைக்குப் பிறகுதான் என்ற எண்ணத்தை அசைத்த முயற்சிகளில் முக்கியமானது, 1969-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) மார்கரெட் மக்விகர் தொடங்கிய திட்டம். இளநிலை மாணவர்கள் பேராசிரியர்களின் ஆய்வுகளில் பங்கேற்க அது வழிசெய்தது. செய்த வேலையைச் சொல்ல ஓர் இடமும் வேண்டுமே! 1987-இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஆஷ்வில் வளாகத்தில் முதல் தேசிய இளநிலை ஆய்வு மாநாடு கூடியது. இன்று பல பல்கலைக்கழகங்கள் சொந்தமாகவே இத்தகைய கருத்தரங்கை நடத்துகின்றன, பெரும்பாலும் வசந்தப் பருவத்தில்.

மாணவர் முதலில் ஆய்வுச் சுருக்கம் அனுப்புகிறார். வழிகாட்டும் பேராசிரியரின் ஒப்புதலும் பொதுவாகத் தேவை. பிறகு பேச்சு, அல்லது போஸ்டர். பேச்சுக்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம்தான்.

போஸ்டர் அமர்வு சுவையானது. ஏறத்தாழ நான்கடி அகலத் தாளின் அருகே மாணவர் நிற்க, வருபவர்கள் சந்தையில் கடை பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்து நகர்கிறார்கள். வேதியியல் பேராசிரியருக்கு ஒரு விளக்கம். அடுத்த நிமிடமே வரலாறு படிக்கும் தோழிக்கு வேறொன்று. தாள் முழுக்க எழுத்தை நிரப்பியவர் பாடு திண்டாட்டம். நின்று படிக்க யாருக்கும் பொறுமையில்லை. எதிர்பார்த்த முடிவு வராத ஆய்வுக்கும் இங்கே இடமுண்டு, ஏன் வரவில்லை என்று சொல்லத் தெரிந்தால் போதும். அறிவியல் மட்டுமல்ல, நாடகம், ஓவியம் போன்ற படைப்புகளும் பல கருத்தரங்குகளில் ஏற்கப்படுகின்றன.