திருப்தியா என்று கேட்காதீர்கள்

அமெரிக்காவில் அத்லெடிக் டிரெய்னர் என்றால் ஜிம்மில் எடை தூக்கச் சொல்லித்தருபவர் என்றோ, அணியின் கோச் என்றோ நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் இல்லை. மைதானத்தின் ஓரத்திலேயே நின்று காயம் வராமல் பார்ப்பதும், வந்தால் சோதிப்பதும், ஆட்டக்காரரைப் படிப்படியாக ஆட்டத்துக்குத் திருப்புவதும் வேலையாகக் கொண்ட, தேர்வெழுதிச் சான்று பெற்ற மருத்துவப் பணியாளர் அவர். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990இலேயே இதை ஒரு சுகாதாரத் தொழிலாக ஏற்றுக்கொண்டது. அப்படியும் அங்குள்ள உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் அத்லெடிக் டிரெய்னரே கிடையாது. காரணம் பணம் மட்டுமல்ல என்பது என் கணிப்பு. இந்த வேலை சுவடு விடுவதில்லை. பெரும்பாலான பள்ளிகளில் இவர் செய்வதற்கு யாருக்கும் பில் போவதில்லை. வெயிலில் சுருண்டு விழுந்த மாணவனை ஆம்புலன்ஸ் வருவதற்குள் பனிக்கட்டித் தொட்டியில் இறக்கிக் காப்பாற்றினால், மறுநாள் அவன் வகுப்பில் உட்கார்ந்திருப்பான். கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியும் ஏறாது. நடக்காமல் போன விபரீதத்தை பட்ஜெட் கூட்டத்தில் எப்படிக் காட்டுவது?

சிகிச்சை பெற்றவரின் அனுபவத்தை அளந்து காட்டலாம் என்பதே என் பதில். இங்கே அனுபவம் வேறு, திருப்தி வேறு. ‘எங்கள் சேவை பிடித்ததா?’ என்பது திருப்திக் கேள்வி. ‘இப்போது ஏன் ஆட விடவில்லை என்பதை உங்களுக்குப் புரியும்படி சொன்னார்களா?’ என்பது அனுபவக் கேள்வி. நடந்ததா இல்லையா என்று அது விசாரிக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர்களிடம் நடத்தப்பட்டு, 2008 முதல் முடிவுகள் பொதுவில் வெளியாகிவரும் எச்-கேப்ஸ் கணக்கெடுப்பின் பெரும்பாலான கேள்விகள் இந்த வகைதான். செவிலியர் நீங்கள் சொன்னதைக் கவனமாகக் கேட்டது எப்போதுமா, பெரும்பாலுமா, சில வேளையா, ஒருபோதும் இல்லையா என்று அது கேட்கிறது. விளையாட்டுக் களத்தில் இத்தகைய கேள்விக்கு இன்னும் கனம் கூடும். மூளை அதிர்ச்சியை எக்ஸ்ரேயில் பார்க்க முடியாது. தலை சுற்றுகிறது, வெளிச்சம் கூசுகிறது என்று அடிபட்டவர் வாய்திறந்து சொன்னால்தான் பெரும்பாலும் தெரியவரும். விஸ்கான்சினில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், அந்த அடியை அனுபவித்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அதை யாரிடமாவது சொல்லியிருந்தார்கள். பெரிய விஷயமாகத் தோன்றவில்லை என்பதும், வெளியே உட்காரவைத்துவிடுவார்கள் என்பதும் மற்றவர்கள் சொன்ன முக்கியக் காரணங்கள். ஆகவே ‘அடிபட்டதை மறைக்காமல் இவரிடம் சொல்ல முடிந்ததா?’ என்ற கேள்வி வெறும் உபசாரமல்ல. நோயைக் கண்டுபிடிக்கும் வேலையே அந்த நம்பிக்கையின்மேல்தான் நிற்கிறது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, லேசானதல்ல. ஆட விடாதவருக்கு ஆட்டக்காரர் எப்படி நல்ல மதிப்பெண் போடுவார்? மதிப்பெண்ணுக்காக டிரெய்னர் வளைந்து கொடுக்க மாட்டாரா? இந்தப் பயத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் தரவை அலசி 2012இல் வெளியான ஓர் ஆய்வில், மிக அதிகத் திருப்தி தெரிவித்தவர்களுக்கு மருத்துவச் செலவும் இறப்பு அபாயமும் கூடுதலாக இருந்தன. எச்-கேப்ஸிலேயே வலி பற்றிய கேள்விகள் ஓபியாய்டு மாத்திரைகளை அள்ளி எழுதித்தர மருத்துவர்களைத் தூண்டுமோ என்ற கவலை எழுந்து, மருத்துவமனைகளுக்குப் பணம் தரும் கணக்கிலிருந்து அவற்றை நீக்க 2016இல் முடிவானது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, அளக்கவே கூடாது என்பதை அல்ல. கேள்வியைப் பார்த்து எழுது என்பதை. ‘நீங்கள் விரும்பியது கிடைத்ததா?’ என்று கேட்டால் வளைந்து கொடுப்பவர் ஜெயிப்பார். காரணம் சொன்னார்களா, அடுத்த கட்டம் என்னவென்று தெரியுமா, கோச்சின் அவசரத்துக்கும் உங்கள் உடம்புக்கும் நடுவில் இவர் யார் பக்கம் நின்றார் என்று கேட்டால், கண்டிப்பானவருக்கும் நல்ல பதில் வர வழியுண்டு. கோபத்தில் இருக்கும் பையன்கூட ‘காரணம் சொன்னார்’ என்ற கட்டத்தில் டிக் அடிப்பான்.

இன்னொரு ஆட்சேபம் எண்ணிக்கை பற்றியது. இருபது பேர் கொண்ட அணியில் யார் எழுதியது என்று எளிதில் தெரிந்துவிடும்; தெரிந்தால் உண்மை வராது. இதற்கு முழுத் தீர்வு இல்லை, குறைக்க வழிகள் உண்டு. படிவத்தை டிரெய்னரே கையில் கொடுக்கக் கூடாது, கோச் கொடுக்கவே கூடாது. அணிவாரியாகப் பிரிக்காமல் பருவம் முழுவதற்கும் சேர்த்து எண்ணலாம். ஆட்டத்துக்குத் திரும்பிய சில நாட்களுக்குள் ஐந்தாறு கேள்விகளோடு அனுப்புவது நல்லது. நீண்ட படிவத்தைப் பதினாறு வயதில் யார் நிரப்புவார்கள்? சிறுவர்களென்றால் பெற்றோருக்குத் தனிப் படிவம் வேண்டும், ஏனென்றால் இரவில் தலைவலிக்கிறதா என்று கவனிப்பவர்கள் அவர்கள். எத்தனை பேருக்கு அனுப்பினோம், எத்தனை பேர் பதில் தந்தார்கள் என்பதையும் அறிக்கையில் போட்டுவிட வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு நிர்வாகம் நம்பவில்லை என்று வருந்துகிறார்கள்.

கணுக்கால் சரியானதா என்பதுதானே முக்கியம், அனுபவம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டும் வேண்டும். ஆனால் கணுக்கால் எவ்வளவு தேறியது என்ற எண் மட்டும் இருந்தால், அது தானாக ஆறியதா, டிரெய்னரால் ஆறியதா என்று நிர்வாகி கேட்பார், கேட்பதும் நியாயம். அதே தாளில், வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியை விளக்கியவர் யார், அதைச் செய்தார்களா என்ற பதிலும் இருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும். பதில்கள் மோசமாக வந்த பருவத்தின் தாளையும் மேசையில் வைக்க வேண்டும், அதைப் பார்த்து எதை மாற்றினோம் என்ற வரியோடு.