தர்மபுரியிலிருந்து அடையாறுக்கு: சைக்கிளில் கிளம்பும் குடும்பத்துக்குப் பதினோரு சொல்

வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் வந்து போனால், மற்றவர்களுக்குக் கை சும்மா இருக்காது. ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டியபடி குடும்பத்தோடு சென்னை வரை சைக்கிளில் போகலாமா என்று கேட்பவர்கள் அந்த எண்ணத்தோடுதான் வருகிறார்கள். தாராளமாகப் போகலாம். தர்மபுரியிலிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 300 கி.மீ. சொச்சம். கால் அதற்குப் பழகிவிடும். மனசும் கணக்கு நோட்டும் பழகத்தான் நாளாகும். வயதில் மூத்தவன் என்ற உரிமையில் வரிசையாகச் சொல்கிறேன்.

1. பணம் எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்.
ஒரு நோயாளியின் சிகிச்சைக்குக் கொடுப்பது ஒன்று. மருத்துவமனை கட்டக் கொடுப்பது இன்னொன்று. ஆராய்ச்சிக்குக் கொடுப்பது மூன்றாவது. இலங்கையில் 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்தார்கள். தெல்லிப்பளையில் புற்றுநோய் மருத்துவமனை கட்டுவது அவர்கள் நோக்கம். கட்டிடம் எழுந்தது, ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள். ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் அப்படிக் காட்ட ஒன்றும் இருக்காது. ஐஐடி மெட்ராஸ் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட புற்றுநோய் மரபணுத் தொகுப்புக்கு 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசு மாதிரிகளை ஆராய்ந்திருக்கிறார்கள். நம் பெண்களுக்கு வரும் கட்டியில் என்னென்ன மாற்றம் இருக்கிறது என்ற தகவல் அது. அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்க முடியாது. இந்த வித்தியாசம் வீட்டில் எல்லோருக்கும், பாட்டிக்கும் பேரனுக்கும்கூட, புரிந்த பிறகே கிளம்புங்கள்.

2. பலன் நம் காலத்தில் வரும் என்று எண்ணாதீர்கள்.
இதற்கு நம் மாவட்டமே சாட்சி. பழுப்பேறிய பல்லும் வளைந்த காலுமாக எத்தனை பேரைப் பார்த்து வளர்ந்தோம்! கிணற்று நீரில் இருக்கும் புளூரைடு இப்படிச் செய்யும் என்பதை, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதி மக்களை ஆராய்ந்து ஷார்ட் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் 1937இல் எழுதிவிட்டார்கள். ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2013இல். நடுவில் 76 வருஷம். அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் பென்னாகரத்துக் குழாயில் காவிரித் தண்ணீர் வந்ததைப் பார்க்கவில்லை. ஆனால் நோய்க்குக் காரணம் தண்ணீர்தான் என்று யாராவது முதலில் நிரூபிக்காமல், தண்ணீரை மாற்ற யாருக்குத் தோன்றியிருக்கும்? நீங்கள் கொடுக்கப்போவது அந்த முதல் வேலைக்கு.

3. உங்களுக்கு முன்னால் போனவர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.
கனடாவின் டெர்ரி ஃபாக்ஸுக்கு எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது கால் போனது. பிழைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றார்கள். இரண்டே வருஷம் முன்னால் வந்திருந்தால் 15 சதவீதம்தான் இருந்திருக்கும் என்றும் சொன்னார்கள். அந்த வித்தியாசத்தை உண்டாக்கியது ஆராய்ச்சி என்று அந்தப் பையன் பிடித்துக்கொண்டான். 1980இல் செயற்கைக் காலோடு 143 நாளில் 5,373 கி.மீ. ஓடினான். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நின்றான். அடுத்த வருஷம் இறந்துபோனான்.

அதே 1980இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பில்லி ஸ்டார் என்பவர் புற்றுநோயில் தாயை இழந்த துக்கத்தோடு 36 பேரைச் சேர்த்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார். முதல் வருஷ வசூல் 10,200 டாலர். வருஷம் தவறாமல் நடக்கும் அந்த ஓட்டம் பாஸ்டனின் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்கு இதுவரை கொடுத்தது நூறு கோடி டாலருக்கும் மேல்.

நம் பக்கத்துக் கதை இவற்றுக்கெல்லாம் மூத்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஊர் ஊராக நிதி கேட்டுத்தான் அடையாறு மருத்துவமனையை 1954இல் 12 படுக்கையோடு திறந்தார். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் இறக்கும் வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. ஒரு குடும்பத்தின் துக்கத்தில் தொடங்கிய இடத்துக்குத்தான் நீங்களும் போகிறீர்கள்.

4. நோயாளியிடம் அனுமதி கேளுங்கள்.
அம்மாவின் பெயரில் ஓட்டுகிறோம் என்று பேனர் அடிக்கும் முன்னால் அம்மாவைக் கேட்டீர்களா? முடி கொட்டிய படத்தை ஊரே பார்ப்பதில் அவருக்குச் சம்மதமா? கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு வேறு மாதிரிக் காதில் விழும். அது மூடத்தனம் என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் உடம்பு அவருடையது. வேண்டாம் என்றால் பெயரில்லாமல் ஓட்டுங்கள். நிதி குறையாது.

5. பணம் உங்கள் கையில் தங்கக் கூடாது.
முதல் வேலை, அடையாறு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுங்கள். இன்ன தேதியில், இன்னார், இன்ன வழியில் வருகிறோம். திரளும் தொகை ஆராய்ச்சிக்கு மட்டும் என்று குறிப்பிட்டுக் கொடுக்க விரும்புகிறோம். உங்கள் பெயரைப் பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். அதற்கு முன்னால் நோட்டீஸ் அச்சடிக்க வேண்டாம். க்யூஆர் கோடு நிறுவனத்துடையதாக இருக்கட்டும், உங்கள் மகனுடைய ஜிபே வேண்டாம். நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான் உண்டு; அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது என்பதை வாத்தியார்களிடமும் வியாபாரிகளிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட உறவினர் கொடுப்பதாக இருந்தால், அவர் வெளிநாட்டு நன்கொடைக்கென்று நிறுவனம் வைத்திருக்கும் எஃப்.சி.ஆர்.ஏ. கணக்குக்கு நேரடியாக அனுப்பட்டும்.

ரொக்கம் கொடுப்பவர்களும் இருப்பார்கள். சந்தையில் கத்தரிக்காய் விற்கும் அம்மா பத்து ரூபாயை நீட்டினால் ஸ்கேன் பண்ணச் சொல்ல முடியுமா? அதற்கு நம் ஊர் மொய் நோட்டுதான் சரி. பெயர், ஊர், தொகை, எல்லோர் முன்னாலும் எழுதிப் படித்துக் காட்டுங்கள். அன்றன்றைக்கு வங்கியில் கட்டிவிடுங்கள்.

6. வழிச்செலவு உங்கள் பையிலிருந்து.
டியூப், டீ, லாட்ஜ் வாடகை, பின்னால் வரும் வண்டியின் டீசல் எதையும் வசூலில் தொடாதீர்கள். யாராவது சாப்பாடு போடுகிறேன் என்றால் சாப்பிடுங்கள், அது வேறு. "நீங்க ஊர் சுத்த நாங்க காசு குடுக்கணுமா?" என்று ஒருத்தர் கட்டாயம் கேட்பார். "இல்லைங்க, சுத்துற செலவு எங்களுது" என்று சொல்ல முடிந்தால் போதும், அவரே நூறு ரூபாய் எடுப்பார்.

7. புது சைக்கிள் வாங்காதீர்கள்.
அரசுப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மிதிவண்டியே 300 கி.மீ. போகும், கொஞ்சம் மெதுவாக. பேரிங் பார்த்து, டயர் இரண்டையும் புதுசாக்கி, பிரேக் கட்டை மாற்றுங்கள். சீட் உயரத்துக்கு ஒரு சுலபக் கணக்கு: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நீண்டு நிற்க வேண்டும். நம்மவர்கள் பாதிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்து, மூட்டுவலி வந்தபின் சைக்கிளைத் திட்டுகிறார்கள். பஞ்சர் ஒட்ட வீட்டில் இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள். அதில் ஒருத்தர் பெண்ணாக இருக்கட்டும்.

8. இரண்டு மாதமாவது பழகுங்கள். நாற்பது தாண்டியவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு.
முதலில் அதியமான்கோட்டை போய்த் திரும்புங்கள். பிறகு பாலக்கோடு, பிறகு அரூர். கடைசித் தேர்வு ஒகேனக்கல். தர்மபுரியிலிருந்து 46 கி.மீ. பென்னாகரம் தாண்டியதும் காட்டுக்குள் இறக்கமாக ஜாலியாகப் போகும், வரும்போதுதான் தெரியும். அந்த வழியில் யானை நடமாட்டம் உண்டு, பொழுது சாயும் முன் காட்டை விட்டு ஏறிவிட வேண்டும். தொப்பூர் கணவாய்ப் பக்கம் பயிற்சிக்குக்கூடப் போகாதீர்கள். சேலத்தை நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் பிரேக் பிடிக்காத லாரிகள் எத்தனை உயிரை வாங்கியிருக்கின்றன என்பது இந்த மாவட்டத்துக்கே தெரியும்.

9. வழியும் நேரமும்.
தர்மபுரி, அரூர், ஊத்தங்கரை முதல் நாள். செங்கம் வழியாகத் திருவண்ணாமலை இரண்டாம் நாள். பிறகு வந்தவாசி, செங்கல்பட்டு, அடையாறு. ஐந்து நாள். 200 கி.மீ. தூரத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் பிரவே எனும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து மலையுங்கள், போட்டி போடாதீர்கள். குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 60, 70 கி.மீ. போதும். தைப் பொங்கல் முடிந்த வாரங்கள் நல்ல காலம். வெயில் ஏறியிருக்காது, மழை விட்டிருக்கும். எதிர்க்காற்று கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம். விடிந்ததும் ஏறி பத்தரைக்குள் முதல் பாதியை முடியுங்கள். மறுபடி மூன்றரைக்கு மேல். இருட்டியபின் ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம். வரிசையாகப் போங்கள், ஜோடியாகப் பேசிக்கொண்டு போகாதீர்கள். புதன்கிழமை கிளம்பினால் ஜி.எஸ்.டி. சாலை ஞாயிறு விடியலில் வரும், நெரிசல் குறைவு.

சின்னப் பிள்ளைகள் தினமும் கடைசி ஐந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டட்டும். ஓட்ட முடியாதவர்கள் பின்னால் வரும் வண்டியில் வரலாம். டெர்ரி ஃபாக்ஸுக்கு வேன் ஓட்டியது அவன் நண்பன். நடுவழியில் தம்பியும் வந்து சேர்ந்துகொண்டான். வண்டி ஓட்டுகிறவர், சமைக்கிறவர், கணக்கு எழுதுகிறவர் பெயரெல்லாம் நோட்டீஸில் ஓட்டுபவர்கள் பெயரோடு ஒரே அளவு எழுத்தில் வரட்டும்.

10. குடிப்பதும் பேசுவதும்.
காலையில் ராகிக் கூழோ இட்லியோ, களி ராத்திரிக்கு. வெறும் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துக்கொண்டே போகாதீர்கள். ஒரு லிட்டருக்கு ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாக்கெட்டே ஆராய்ச்சி என்றால் என்ன என்று ஊராருக்குச் சொல்ல நல்ல உதாரணம். 1971 வங்கதேசப் போரின்போது பங்காவ் அகதி முகாமில் காலராவில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். சலைன் ஏற்றப் பாட்டில் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனபிஸ், ஆய்வுக்கூடத்தில் தெரிந்திருந்த விஷயத்தை நம்பி, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்மில் வைத்துச் சொந்தக்காரர்கள் கையாலேயே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே வந்தது. உப்போடு சர்க்கரை சேர்ந்தால்தான் குடல் தண்ணீரை நன்றாக உறிஞ்சும் என்று யாரோ பொறுமையாகக் கண்டுபிடித்து வைத்ததால் வந்த பலன் இது. டீக்கடையில் இதை இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடலாம்.

கடினமான கேள்வி ஒன்று வரும். "என் வீட்டுக்காரம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. இந்தக் காசுல அவங்களுக்கு ஏதாவது ஆகுமா?" மழுப்பாதீர்கள். "ஆகாதுங்க, இது பின்னால வரப்போறவங்களுக்கு" என்று உண்மையைச் சொல்லுங்கள். அதோடு நிறுத்தவும் கூடாது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினார்களா, 104க்குப் பேசினார்களா என்று உட்கார்ந்து கேளுங்கள். அன்றைக்குப் பத்து கிலோமீட்டர் குறைந்தாலும் பரவாயில்லை. மூலிகையில் சரியாகிவிடும், இதைச் சாப்பிட்டால் புற்றுநோயே வராது என்று வாட்ஸ்அப்பில் வருவதை மட்டும் உங்கள் வாயால் சொல்லிவிடாதீர்கள். ஆராய்ச்சிக்கு ஓட்டுகிறவன் நிரூபிக்காததைப் பேசக் கூடாது.

11. அடையாறில் ஆரவாரம் வேண்டாம். ஊர் திரும்பியபின் சோம்பல் வேண்டாம்.
உள்ளே இருப்பவர்கள் கீமோ மருந்தில் எதிர்ப்புச்சக்தி குறைந்து கிடப்பவர்கள். அவர்கள் நடுவே வேர்வையும் புழுதியுமாக இருபது பேர் நுழைவது உதவியாகாது. மேளம், பட்டாசு, மாலை, வார்டுக்குள் செல்ஃபி எதுவும் வேண்டாம். கேட்டுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தினால் ஓட்டம் முடிந்தது. பெரிய அட்டைக் காசோலையும் தேவையில்லை, பணம்தான் முன்பே போய்ச் சேர்ந்திருக்குமே.

ஊர் வந்த ஒரு வாரத்துக்குள் வரவு மொத்தத்தை, வங்கி ரசீதோடு, கொடுத்த எல்லோருக்கும் தெரியப்படுத்துங்கள். சந்தை அம்மாவுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். ஒரு வருஷம் கழித்து நிறுவனத்துக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்: எங்கள் பணம் எந்த ஆய்வுக்குப் போனது, அது எந்த நிலையில் இருக்கிறது? ஒன்றும் பெரிதாகத் தெரியவரவில்லை என்று பதில் வந்தாலும் அதையும் அப்படியே ஊரில் சொல்லுங்கள். பலிக்காத ஆய்வும் ஆய்வுதான். அடுத்தவர் அந்த வழியில் போய் நேரத்தை வீணாக்க மாட்டார். பதிலே வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். பத்து ரூபாய் கொடுத்தவர்கள் சார்பில் கேட்க வேண்டியது நீங்கள்தான். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த தைக்கு மறுபடி கிளம்பினால், முதல் வருஷம் கதவைச் சாத்தியவர்களும் திறப்பார்கள்.