விதியா? தடுக்கக்கூடிய வினையா?
சாலைக் காயங்களைத் தடுக்கும் அணுகுமுறைகள்

முன்னுரை

சாலையில் ஓர் உயிர் பிரிந்தால் "விதி முடிந்தது", "நேரம் சரியில்லை" என்று கூறி அமைதி கொள்வது நம்மவர் வழக்கம். துக்க வீட்டில் அது ஆறுதல்தான். ஆனால் அதுவே விளக்கமாகிவிட்டால் அடுத்த உயிரைக் காக்க வழியில்லை. நோய்க்குக் காரணம் இருப்பதுபோல் சாலைக் காயத்திற்கும் காரணம் உண்டு. காரணம் இருந்தால் தடுப்பும் உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி, 2021-ஆம் ஆண்டில் சாலைகளில் ஏறக்குறைய 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் மாண்டனர். 5 முதல் 29 வயது வரையிலானோரின் மரணத்திற்கு இதுவே முதன்மைக் காரணம். மலேசியாவில், நடமாட்டக் கட்டுப்பாடு நிலவிய 2020, 2021 ஆகிய ஆண்டுகளைத் தவிர்த்துப் பார்த்தால், கடந்த இருபது ஆண்டுகளில் ஆண்டுதோறும் 6,000-க்கும் மேற்பட்டோர் பலியாகியுள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்.

ஹேடனின் மூன்று கட்டங்கள்

இத்துறைக்கு அறிவியல் அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹேடன். மோதலுக்கு முன், மோதும்போது, மோதலுக்குப் பின் என அவர் நிகழ்வை மூன்றாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் மனிதன், வாகனம், சூழல் ஆகியவற்றில் எதை மாற்றலாம் என்று கேட்டார். ஓட்டுநரைக் குறைகூறுவதோடு நிற்காமல், பிரேக், சாலைத் தடுப்பு, அவசர சிகிச்சை அனைத்தையும் ஆராய இந்த அணுகுமுறை வழிவகுத்தது.

வேகமும் உடலும்

காயத்தை உண்டாக்குவது இயக்க ஆற்றல். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஏறத்தாழ ஒரு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 60 கிலோமீட்டரில் மோதினால் நான்கு மாடி, 90 கிலோமீட்டரில் ஒன்பது மாடி! "கொஞ்சம் வேகமாகப் போனால் என்ன?" என்ற கேள்விக்கு இயற்பியல் தரும் பதில் இது.

நம் நாட்டின் அனுபவம்

மலேசியா இத்துறையில் பின்தங்கிய நாடன்று. 1973-இல் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. 1970-களிலேயே கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனித்தடம் அமைக்கப்பட்டது. 1990-களில் அத்தடம் நீட்டிக்கப்பட்ட பகுதியில் மோட்டார் சைக்கிள் விபத்துகள் சுமார் 39 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு காட்டியது. 1992-இல் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்ற விதி வந்தது. பிறர் கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் சுமார் 29 விழுக்காடு குறைந்தன. புத்திமதியைவிட அமைப்பு மாற்றம் வலிமையானது என்பதற்கு இவை சான்று.

1997-இல் சுவீடன் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட "சுழியக் குறிக்கோள்" இதே கருத்தை விரிவாக்கியது. மனிதன் தவறு செய்வான்; அத்தவறுக்கு மரணம் தண்டனையாகாதபடி சாலையும் வாகனமும் அமைய வேண்டும் என்பதே அதன் சாரம்.

கெரிக் நமக்குச் சொல்வது

2025 ஜூன் 9-ஆம் நாள் அதிகாலையில், கெரிக் அருகே நிகழ்ந்த பேருந்து விபத்தில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தனர். வளாகத்திற்குத் திரும்பிக்கொண்டிருந்த நம் வயதினர் அவர்கள். அதன்பின், 2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் இருக்கைப் பட்டை அணியும் விதி அமலாக்கப்பட்டது.

தமிழ்ச் சங்கங்களான நாமும் முகாம், கலைவிழா, கல்விச் சுற்றுலா எனப் பேருந்து அமர்த்துகிறோம். ஹேடனின் கட்டங்களை இங்கேயே பொருத்திப் பார்க்கலாம்.

1. முன்: மலிவான கட்டணம் மட்டும் பாராமல், உரிமம், சோதனைச் சான்று, ஓட்டுநரின் ஓய்வு நேரம் ஆகியவற்றைக் கேட்டறிதல், நள்ளிரவுப் பயணத்தைத் தவிர்த்தல்.
2. மோதும்போது: எல்லா இருக்கைகளிலும் பட்டை உள்ள பேருந்தைத் தேர்ந்து, அணிந்ததை உறுதிசெய்த பின்னரே புறப்படுதல். மோட்டார் சைக்கிளில் தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக் கட்டுதல்.
3. பின்: பயணிகள் பட்டியலையும் குடும்பத்தாரின் தொடர்பு எண்களையும் வளாகத்தில் ஒருவரிடம் ஒப்படைத்தல், முதலுதவி பயின்ற இருவரேனும் உடன் செல்லுதல்.

முடிவுரை

2030-க்குள் சாலை மரணங்களைப் பாதியாகக் குறைக்க ஐக்கிய நாடுகள் சபை இலக்கு வகுத்துள்ளது. சாலை அமைப்பதும் சட்டம் இயற்றுவதும் அரசின் பணி. ஆனால் அடுத்த பயணத்திற்கான பேருந்தைத் தேர்ந்தெடுப்பது நம் செயலவையின் பணி. வருமுன் காப்பதே அறிவுடைமை. பட்டதாரியாகித் திரும்பும் பிள்ளைக்காக வாசலில் காத்திருக்கும் பெற்றோருக்கு நாம் செலுத்தும் முதல் நன்றிக்கடன், பத்திரமாக வீடு சேர்வதே.