உறுதிமொழி எடுத்தாச்சா? இனி செய்து காட்டுவோம்!

‘பூமியைக் காப்பேன்’ என்று உறுதி எடுத்தவர்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம்:

* ஏ.சி.யை 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். ஒவ்வொரு டிகிரி கூட்டி வைக்கும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும்.

* பழைய மின்விசிறி பழுதானால் பி.எல்.டி.சி. ரகம் வாங்குங்கள். 75 வாட் இழுத்த இடத்தில் 30 வாட்டே போதும்.

* டி.வி., செட்-டாப் பாக்ஸை ரிமோட்டோடு விடாமல் சுவிட்சிலும் அணையுங்கள்.

* பருப்பை ஊறவைத்து வேகவிடுங்கள். விசில் குறையும், கேஸ் மிச்சம்.

* மஞ்சப்பையை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். கடைக்குப் போகும்போது மறக்காது.

* இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈ.பி. கணக்கெடுத்ததும் யூனிட்டைக் காலண்டரில் குறித்து, போன வருடம் இதே மாதக் கணக்கோடு ஒப்பிடுங்கள். யூனிட் குறைந்தால்தான் உறுதிமொழி நிறைவேறுகிறது என்று பொருள்.